'டாய்லெட் கண்டிப்பா வேணும்... ஆனா எங்க வீட்டு எதிர்ல வேணாம்!' - உங்கள் ஏரியா பூங்காவில் எதை எங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நகரின் நடுவே பல வருடங்களாகக் காலியாகக் கிடந்த இடத்தில் முள்செடிகளை வெட்டிச் சுத்தம் செய்து, ஷாமியானா போட்டு, இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். பூங்கா வரப்போகிறது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம்தான். வரைபடத்தை மேஜையில் விரிக்கும் வரை!

"ஊஞ்சல், சறுக்குமரம்லாம் எங்க பக்கம் வேணாம் சார். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு பகல்ல தூங்குறவன் நான்."

"கேட்டை எங்க தெருவுல வெச்சா வண்டியெல்லாம் எங்க வாசல்லதான் நிக்கும்."

"அண்ணே, ஒரு ஷட்டில் கோர்ட் போட்டுடுங்க. அதான் இவ்ளோ இடம் இருக்கே!"

"எங்கள மாதிரி வயசானவங்க உட்கார நிழல்ல நாலு பெஞ்சு போடுங்க தம்பி, அது போதும்."

கடைசியில் யாரோ டாய்லெட் பேச்சை எடுப்பார்கள். ஒரு நிமிடம் அமைதி. பிறகு நாலு தெருக்காரர்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "கண்டிப்பா வேணும். ஆனா இந்தப் பக்கம் வேணாம்."

சென்னைப் புறநகரிலோ கோவையிலோ, புதிதாக உருவான எந்தக் குடியிருப்பிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. கேட்க ஏதோ தெருச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால், எது எங்கே வருகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பூங்காவுக்கு அடுத்த இருபது வருடங்கள் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது முடிவாகும். கான்கிரீட் போட்ட பிறகு மாற்றுவது கஷ்டம். எனவே வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

அந்த இடம் முதலில் யாருடையது?

மனைப் பிரிவுகளுக்கு நடுவே பூங்காவுக்கென விடப்படும் நிலத்தை ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். திறந்தவெளி ஒதுக்கீடு என்று பொருள். 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டும் வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் அந்தச் சலுகை கிடையாது.

ஆக, அது புரமோட்டர் 'விட்டுக்கொடுத்த' இடமும் இல்லை, சங்கத்தின் சொத்தும் இல்லை. எல்லோருக்குமான பொது நிலம். பக்கத்துத் தெரு வாடகை வீட்டில் இருப்பவருக்கும், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் குழந்தைக்கும் அதில் உரிமை உண்டு.

"பார்க்கை விட ஒரு ஆஸ்பத்திரி வந்தா நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அப்பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் தீர்ப்பு குடியிருப்புவாசிகளின் பக்கம் வந்தது. திறந்தவெளியை அதிகாரிகள் இஷ்டப்படி வேறு காரியத்துக்கு மாற்ற முடியாது என்பதை உறுதி செய்த முக்கியமான தீர்ப்பு அது.

அரை ஏக்கரில் என்னென்ன அடங்கும்?

'இவ்ளோ இடம் இருக்கே' என்று தோன்றுவதுதான் முதல் ஏமாற்றம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாலைகள் போக 5 ஏக்கர் உள்ள மனைப் பிரிவு என்றால், பூங்காவுக்குக் கிடைப்பது அரை ஏக்கர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 45 மீட்டர். மொத்தம் சுமார் 2,020 சதுர மீட்டர். மீதியை அரை கிரவுண்ட் மனைகளாகப் பிரித்தால் சுமார் 160 வீடுகள். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 640 பேர். ஆளுக்கு 3 சதுர மீட்டர்தான் வருகிறது. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் நகரவாசி ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. வீடுகள் மாடி மேல் மாடியாக உயர்ந்தால் இதுவும் குறையும்.

இந்த 2,020 சதுர மீட்டரை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

நடைபாதை: சுற்றுச்சுவரை ஒட்டி 1.8 மீட்டர் அகலத்தில் போட்டால் சுமார் 310 சதுர மீட்டர். ஒரு சுற்று 170 மீட்டர் சொச்சம். ஆறு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர்.

ஷட்டில் கோர்ட்: கோடுகளுக்குள் மட்டும் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். நாலு பக்கமும் 2 மீட்டர் விட்டால் சுமார் 175 சதுர மீட்டர். பூங்காவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு நேரத்தில் ஆடப்போவது அதிகபட்சம் நாலு பேர்.

ஊஞ்சல்: தூண் மட்டும் பார்த்தால் சின்னதுதான். ஆனால் ஆடும்போது? அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், மேல்கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை முன்னாலும் பின்னாலும் காலியாக விடச் சொல்கிறது. கம்பி 2.4 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 10 மீட்டர் நீளம் வேண்டும். இந்த இடத்தை விடாமல் ஊஞ்சலுக்கு எதிரே சறுக்குமரத்தை வைத்தால், சறுக்கி இறங்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே ஊஞ்சல் பலகை வரும்.

இவை தவிர எட்டு போடும் பாதை, திறந்தவெளி ஜிம், பெஞ்சுகள், டாய்லெட், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் ரூம். எல்லாம் வேண்டும் என்றால் மரம் வைக்க இடம் இருக்காது. எதை எங்கே வைப்பது என்பதற்கு முன், எதை விடுவது என்ற கேள்வி இருக்கிறது.

குழந்தைகள் சத்தம்: எவ்வளவு தூரம் போதும்?

பகல் தூக்கக்காரரின் கவலையை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்' என்று தள்ளிவிட முடியாது. அது நியாயமான கவலை. இதற்குப் பிரிட்டனில் ஒரு அளவுகோல் உண்டு. அங்குள்ள ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட் அமைப்பின் வழிகாட்டுதலில், சின்னக் குழந்தைகள் விளையாடும் சிறு இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே 5 மீட்டர் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான இடம் என்றால் 20 மீட்டர், பதின்பருவத்தினரும் ஓடியாடும் பெரிய இடம் என்றால் 30 மீட்டர்.

நம் அரை ஏக்கரில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். நாலு பக்கமும் 20 அடி சாலை, அதற்கு அப்பால் ஒன்றரை மீட்டர் தள்ளி வீடு. அதாவது பூங்காச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஏழரை மீட்டர் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. 20 மீட்டர் வேண்டும் என்றால், நடுவில் 20-க்கு 20 மீட்டர் சதுரம் மிஞ்சும். பிள்ளைகள் விளையாட அது தாராளம். 30 மீட்டர் வேண்டும் என்றால்? நட்டநடுவில் ஒரே ஒரு புள்ளிதான் மிஞ்சும்!

இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, ஊஞ்சல், சறுக்குமரத்தை எந்தத் தெருப் பக்கமும் தள்ளாமல் நடுவில் வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நடைபாதையில் போகிறவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா என எல்லோர் கண்ணும் குழந்தைகள் மேல் இருக்கும் என்பது கூடுதல் லாபம். இரண்டு, கிரிக்கெட்டுக்கு வலை, இரவில் ஃப்ளட்லைட் போன்றவற்றுக்கு இந்த அளவுள்ள பூங்கா பொருத்தமான இடமில்லை. அதற்கு வார்டில் வேறு பெரிய மைதானம் தேட வேண்டும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. காலை ஐந்தரைக்கு யோகா வகுப்புக்கு மைக் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க.

டாய்லெட்: ஏன் மூலையில் ஒளித்து வைக்கக் கூடாது?

எல்லாப் பக்கமும் எதிர்ப்பு வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? யார் வீட்டுக்கும் எதிரே இல்லாத, இருட்டான பின்மூலையில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு மேல் பெண்கள் போக யோசிப்பார்கள். குழந்தையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். யாரும் போகாத டாய்லெட்டை யாரும் சுத்தமும் செய்ய மாட்டார்கள். நாற்றம் வரும். பிறகு பூட்டு தொங்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. சுகர் மாத்திரை சாப்பிடும் பாட்டி அரை மணி நேரம் கூட உட்கார முடியாமல் வீட்டுக்குத் திரும்புவார். மாதவிடாய் நாட்களில் கல்லூரிப் பெண் பூங்கா பக்கமே வரமாட்டாள். 'யாரும் யூஸ் பண்றதில்ல' என்று அடுத்த கூட்டத்தில் அதை இடிக்கவே தீர்மானம் வரும்.

நுழைவாயிலுக்கு அருகே, வெளிச்சத்தில், நடைபாதையை ஒட்டி இருப்பதுதான் நல்ல இடம். எதிர் வீட்டுக்காரரின் சங்கடத்தை வடிவமைப்பிலேயே தீர்க்கலாம். கதவுகள் தெருவைப் பார்க்காமல் பூங்காவின் உட்புறம் பார்க்கட்டும். வாசலுக்கு முன் ஒரு மறைப்புச் சுவர், காற்றுக் குழாய் கூரைக்கு மேலே, தெருப் பக்கம் செடி வரிசை. இவற்றை வாய்வார்த்தையாக இல்லாமல் வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வாசலுக்கு அருகே வைக்க இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. பாதாளச் சாக்கடை இன்னும் வராத புறநகர்ப் பகுதி என்றால் செப்டிக் டேங்க்தான் வழி. அது நிரம்பினால் கழிவுநீர் லாரி வர வேண்டும். லாரியின் குழாய் எட்டாத மூலையில் தொட்டி இருந்தால், யாரையாவது கூப்பிட்டு உள்ளே இறக்கும் எண்ணம் வரும். மனிதரை ஆபத்தான முறையில் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்திகளை நாம் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு தொட்டியை எங்கே வைக்கிறோம் என்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கலாம்.

கேட், சாய்தளம்: 90 சென்டிமீட்டர் கேள்வி

பைக் உள்ளே வரக்கூடாது என்பதற்காக நம் பூங்காக்களின் வாசலில் சுற்றி நுழையும் கம்பித் தடுப்பு வைப்பது வழக்கம். பைக் வராது, சரி. சக்கர நாற்காலியும் வராது. குழந்தையைத் தள்ளிவரும் வண்டியும் வராது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு இப்படி அமைப்பதை 'கவனிக்கல சார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி வேண்டும். பைக்கைத் தடுக்க, அந்த இடைவெளி விட்டுக் குட்டைத் தூண்கள் நடலாம். வேண்டுமென்றே நுழைய நினைக்கும் பைக்கை அது முழுதாக நிறுத்தாது என்பதும் உண்மை. அதற்குக் காவலரும் கண்காணிப்பும்தான் வழி.

சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்? விதி எளிது: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். டாய்லெட்டின் அடித்தளம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால், சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அதன் முடிவில் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடமும் வேண்டும். கட்டடத்தை மூலையில் திணித்தபிறகு இந்த நீளத்துக்கு எங்கே போவது? மிஞ்சிய இடத்தில் செங்குத்தாக ஒரு சரிவு போட்டு 'ரேம்ப்' என்று கணக்குக் காட்டுவார்கள். அதில் தனியாக ஏறிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

வெயிலுக்கும் மழைக்கும் ஓட்டு உண்டு

குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு. அப்போது வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். இரும்புச் சறுக்குமரம் மேற்கு பார்த்து இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் தொட முடியாத அளவு சுடும். எனவே விளையாடும் இடத்துக்கு மேற்கே வேம்போ புங்கையோ வேண்டும். ஏற்கெனவே அங்கே மரம் நின்றால், வரைபடத்தை மரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். பெஞ்சும் மர நிழலில்தான் இருக்க வேண்டும். வெட்டவெளியில் கிரானைட் பெஞ்சு போட்டால் நன்கொடையாளர் பெயரைப் படிக்கலாம், உட்கார முடியாது.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். எனவே பூங்காவில் எந்தப் பக்கம் தாழ்வு என்று முதலில் பாருங்கள். அங்கே ஜிம் கருவிகளோ மின்பெட்டியோ வைக்கக் கூடாது. மழைநீர் இறங்கும் சிறு குளம் அல்லது பள்ளமாக அதை விடலாம். சென்னை மாநகராட்சி அமைத்துவரும் 'ஸ்பாஞ்ச் பார்க்' எனப்படும் மழைநீர் உறிஞ்சும் பூங்காக்களின் யோசனையும் இதுதான்.

பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

1990களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் வியன்னா நகர நிர்வாகம் ஒரு விஷயத்தைக் கவனித்தது. ஒன்பது வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துபோகிறது. பையன்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். என்ன காரணம்? விளையாட இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு திறந்தவெளி அல்லது கம்பிவேலிக் களம். முதலில் வந்து பந்தைப் போட்டவர்களுக்கே அது சொந்தம். போட்டி என்று வந்தால் பெண் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1999இல் மார்கரேட்டன் பகுதியின் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். கூடுதல் நடைபாதைகள், வாலிபால், பேட்மிண்டன் களங்கள், ஒரே பெரிய வெளியைச் செடிகளாலும் மேடுபள்ளங்களாலும் பிரித்த சிறு சிறு இடங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை. இடம் பிரிந்ததும் பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாரையும் விரட்ட வேண்டிய தேவையும் வரவில்லை.

நம்ம ஊர்ப் பூங்காக்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் உட்கார்ந்து பேச, நடக்க, ஷட்டில் ஆட எது அவர்களுக்கான இடம்?

கூட்டத்துக்கு வராதவர்கள்

ஷாமியானா கூட்டத்துக்கு மறுபடி போவோம். அங்கே இருபது நாற்காலிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள். பூங்காவை அதிகம் பயன்படுத்தப்போகும் குழந்தைகள் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகும் செக்யூரிட்டி அண்ணன், பூங்காவைப் பெருக்கப்போகும் தூய்மைப் பணியாளர், வீட்டுப் படி இறங்க முடியாத மாமா யாரும் இல்லை. வந்தவர்களில் குரல் உயர்ந்தவர் சொன்னதே முடிவு என்றால், வராதவர்களுக்குப் பூங்கா இல்லை.

தமிழ்நாட்டில் 2022இல் வந்த விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளுக்கு வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உண்டு. கவுன்சிலரிடம் இதுபோன்ற கோரிக்கையை வைக்க அதுதான் முறையான மேடை. ஆனால் அது அந்தப் பகுதி வாக்காளர்களுக்கான மேடை. உங்கள் வாக்காளர் அட்டை இன்னும் சொந்த ஊரில் இருந்தால், வரிசையில் நீங்களும் வெளியேதான் நிற்கிறீர்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* ஆவணம்: மனைப் பிரிவு வரைபடம், தானப் பத்திரம் இரண்டின் நகலையும் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

* நாலு வேளை: காலை 6, மதியம் 1, மாலை 5, இரவு 8 மணிக்கு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். நிழல், வெளிச்சம், நாய், வண்டி எல்லாம் தெரியும்.

* கோலமாவு: வரைபடம் எல்லோருக்கும் புரியாது. ஒரு சாயங்காலம் கோலமாவோ சுண்ணாம்போ எடுத்து, ஊஞ்சல் முதல் டாய்லெட் வரை நிஜ அளவில் தரையில் கோடு போடுங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். "இவ்ளோதானா இடம்?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து மாறும்.

* வராதவர் பட்டியல்: கூட்டத்தில் இல்லாத ஐந்து பேரிடம் நேரில் போய்க் கேட்டு எழுதி வாருங்கள். அதில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவராகவும், ஒருவர் தூய்மைப் பணியாளராகவும், ஒருவர் பதின்பருவப் பெண்ணாகவும் இருக்கட்டும்.

* கட்டம் கட்டமாக: முதலில் மரம், நடைபாதை, டாய்லெட், விளையாடும் இடம். ஆறு மாதம் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஜிம், ஷட்டில் கோர்ட் பற்றி முடிவெடுக்கலாம்.

* பராமரிப்பு: யார் திறப்பது, யார் சுத்தம் செய்வது, சம்பளம் எங்கிருந்து, சாவி யாரிடம் என்பதை எழுத்தில் வையுங்கள்.

எல்லோருக்கும் பிடித்த வரைபடம் என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் வீட்டுக்கு எதிரே கேட் வரத்தான் செய்யும், யாரோ ஒருவர் ஜன்னலுக்கு எதிரே டாய்லெட் சுவர் வரத்தான் செய்யும். அந்த வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லி, அவர் கேட்கும் மறைப்புச் சுவரையும் மரத்தையும் முதலில் செய்துகொடுப்பது மற்ற 159 வீடுகளின் கடமை. பூங்கா திறந்து ஒரு மாதம் கழித்து, இரவு ஏழரைக்கு ஒரு பெண் தயங்காமல் அந்த டாய்லெட்டுக்குப் போய் வருகிறாரா என்று பாருங்கள். போய் வந்தால், அன்றைக்கு ஷாமியானாவுக்குக் கீழே போட்ட சண்டை வீண் போகவில்லை.